சடையன் கேட்டு வாங்காத படம்

இளம்பிள்ளைக்கு அருகே, கஞ்சமலையைப் பார்த்தபடி கிடக்கும் மானாவாரிக் காடு ஒன்றைச் சடையன் உழுது பயிரிட்டு வந்தார். அவர் பிறந்த ஆண்டு எந்தப் பதிவிலும் இல்லை. 1936-ஆம் ஆண்டில் அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம் என்று அவருடைய மைத்துனர் கந்தன் உத்தேசமாகச் சொல்வதுண்டு. நோய் என்று ஒருநாளும் படுத்தவரல்லர். கடலைக்காய் மூட்டையை வண்டியில் ஏற்ற மற்றவர்கள் இருவராகச் சேரும்போது, அவர் தனியாகவே தூக்கிப் போடுவார். ஒருமுறை காளையின் கொம்பு கடுக்கனில் மாட்டி இழுத்ததில் அவருடைய வலக்காதின் மடல் அறுந்து போயிருந்தது. வாய்த்துடுக்கு மிகுந்தவர், வரப்புத் தகராறுகளில் விட்டுக்கொடுத்தறியாதவர். அதனால் அண்டைக் காட்டுக்காரர்களில் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டவர்களே மிகுதி. இத்தகைய மனிதருக்கு அச்சம் தந்த பொருள் ஒன்றே ஒன்று. அது ஊசி.

அந்த ஆண்டுக் கோடையில் வட்டாரமெங்கும் வாந்திபேதி கண்டது. செவ்வாய்ப்பேட்டைச் சந்தை வாயிலில் சுகாதார இலாகா ஆட்கள் மேசை போட்டு அமர்ந்து, ஊசி போட்டுக்கொள்ளாதவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தனர். சடையன் சில வாரங்கள் சந்தைக்குப் போகாமல் தப்பினார். பிறகு கடலைக்காய் விலை இறங்கப்போகிறது என்ற பேச்சு வந்ததும் வேறு வழியின்றி வண்டி பூட்டினார்.

வாயிலுக்குச் சற்று விலகி, மூன்று கால்களின்மேல் ஒரு பெட்டி நின்றது. அதன்மேல் கறுப்புத் துணி; பக்கத்தில் வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர். ஊசி போடும் இடம் இதுவே என்று சடையன் முடிவு செய்தார். உண்மையில் அவர் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் போட்டோக் கடை வைத்திருந்த தோமினிக். சடையன் அவர்முன் போய் நின்றார். தோள் துண்டை எடுத்துக் கீழே போட்டார், இடக்கையை நீட்டினார், வயிற்றை எக்கி, ஒரு கண்ணை இறுக மூடி, வாயைக் கோணலாக இழுத்துக்கொண்டார்.

"பட்டுன்னு முடிச்சுருங்க சாமி. பேச்சுக் குடுத்துக்கிட்டே குத்தீராதீங்க."

தோமினிக்குக்குக் காரணம் விளங்கவில்லை. ஆனால் அந்த முகத்தை நழுவவிட அவருக்கு மனமில்லை. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார்.

"அப்படியே நில்லு. அசையாதே. மூச்சு விடாதே."

சடையன் மூச்சை அடக்கினார்.

"ஆச்சு. போ."

"ஆச்சுங்களா? வலியே தெரியலீங்களே!"

அந்தச் சந்தடியில் மேசைக்காரர்களின் கண்ணில் படாமல் உள்ளே நுழைந்த சடையன், கடலைக்காய் மண்டியில் காத்திருந்த கந்தனிடம் புது ஊசியின் பெருமையைச் சொன்னார்.

"ஊசி போட்ட எடத்தக் காட்டுங்க மாமா" என்றார் கந்தன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தடமும் இல்லை. "அந்தாளு மூணுகால் பெட்டி வெச்சிருந்தாருங்களா? போச்சு போங்க. அது போட்டாப் பெட்டிங்க மாமா! உங்களப் படம் புடிச்சுட்டாரு. போயி ஒண்ணு கேட்டு வாங்கீட்டு வாங்க, அக்காளுக்குக் காட்டலாம்."

"எதுக்கு? ஊசிக்குப் பயந்து நின்ன மூஞ்சியக் குடுங்கன்னு நானே போயிக் கேக்கோணுமாக்கும்? இத ஊர்ல சொன்னீன்னா உன்ற பல்லு உன்ற வாயில இருக்காது, பாத்துக்க."

அந்தக் கோடையில் தோமினிக் தெருவில் படம் பிடித்தவர்கள் பலர்: பானைக்காரி, மாட்டுத்தரகர், மரத்தடி நாவிதர். அவர்களில் எவரும் தம் படத்தைக் கேட்டு அவர் கடைக்கு வந்ததில்லை. படம் எடுத்தவனுக்கே அது சொந்தம் என்று சிலர் எண்ணினர். படத்தைப் பார்த்தால் ஆயுசு குறையும் என்று சிலர் அஞ்சினர். கேட்கப்போனால் பேரும் ஊரும் சொல்லவேண்டி வருமே என்பது வேறு சிலருடைய கவலை. சடையனுக்கோ வெட்கம். இவ்வாறு கேட்பாரற்ற முகங்கள் அக்கடையில் சேர்ந்துகொண்டே இருந்தன. கேட்பாரற்றதை விற்பதில் தோமினிக்குக்குத் தயக்கம் ஏதும் இருக்கவில்லை.

தை பிறந்தபோது சேலத்திலிருந்து திருச்செங்கோடு வரை சுவர்களில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. ஈளை, இருமல், க்ஷயம் ஆகியவற்றுக்கான லேகியம் ஒன்றின் விளம்பரம் அது. வலப்பக்கம் 'உண்டபின்' என்ற எழுத்தின்கீழ் ஒரு பயில்வான் தொடை தட்டி நின்றார். இடப்பக்கம் 'உண்ணுமுன்' என்ற எழுத்தின்கீழ், ஒட்டிய வயிறும் கோணிய வாயுமாக, உயிர் பிரியும் தறுவாயில் இருப்பவரைப்போல் சடையன் நின்றார்.

அண்டைக் காட்டு மாரியப்பன் இதற்காகவே காத்திருந்தவர்போல் ஊர்க்கிணற்றடியில் மறித்தார்.

"ஏனுங்க சடையண்ணா, லேகியம் கசக்குதுங்களா, இனிக்குதுங்களா?"

"எவன்டா லேகியம் தின்னது? அது நானில்ல."

"காது அறுந்திருக்குதுங்களே?"

"காதறுந்தவன் நாட்டுல நான் ஒருத்தன்தானா?"

"அப்பச் செரி. மாரியாத்தா முன்னால சூடம் அணைச்சுச் சொல்லுங்க பாக்கலாம், நானில்லைன்னு."

சடையன் முரடர்தான், ஆனால் எரியும் சூடத்தின்மேல் பொய் சொல்லும் துணிவு அவருக்கில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஊருக்கு அது போதுமானதாயிற்று. ஊசிக்குப் பயந்த கதையைச் சொல்லியிருந்தால் ஒருநாள் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். அவர் சொல்லாததால் க்ஷயம் என்ற சொல் அவர் வீட்டு வாசற்படியில் வந்து அமர்ந்தது.

அவருடைய ஒரே மகள் பெரியநாயகிக்கு மல்லசமுத்திரத்தில் மாப்பிள்ளை பார்த்து, சித்திரையில் உப்புச்சர்க்கரை மாற்றி உறுதி செய்வதென்று பேசியிருந்தனர். இந்த இடம் முறிந்தால் வேறு இடம் அமையாது. எந்த நோய்க்காக முறிந்தது என்ற கேள்வியே அடுத்து வருகிறவர்களையும் வழியில் நிறுத்திவிடும். மாசியில் ஒருநாள் மாப்பிள்ளையின் தாய் மயிலம்மாள் முன்னறிவிப்பின்றி வண்டியில் வந்து இறங்கினார். சடையனின் மனைவி குப்பாயி சொம்பில் மோர் கொண்டுவந்து நீட்டினார்.

"இருக்கட்டுமுங்க. மொதல்ல கேக்கறதக் கேட்டுக்கறேன்" என்ற மயிலம்மாள், சுவரிலிருந்து கிழித்து மடித்துக் கொண்டுவந்த நோட்டீஸை விரித்தார். "இது ஆருங்கண்ணா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"நீங்கதான்னு எம்பட பங்காளிக சொல்றாங்க. இந்தச் சீக்கு வந்த ஊட்டுல பொண்ணெடுத்தா, நாளைக்கு எம்பட பேரன் பேத்திகளும் இருமுமாம்."

"நானு இருமி நீங்க கேட்டிருக்கறீங்களா?"

"லேகியந் தின்னவிங்க எதுக்கு இருமறாங்க?"

குப்பாயிக்குப் பொறுக்கவில்லை. "எம்பட ஊட்டுக்காரரு தும்மிக்கூட நான் பாத்ததில்லீங்க அம்மிணி!"

"கட்டுனவ வேற என்னன்னு சொல்லுவா? படம் புடிச்சவன் வாயால, இது இவரு இல்லைன்னு நாலு பேரு முன்னால சொல்லச் சொல்லுங்க. இல்லீன்னா பேச்சு இத்தோட முறிஞ்சுது."

மோர் அப்படியே இருந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற பெரியநாயகி, வண்டி போகும்வரை வெளியே வரவில்லை. பிறகு வந்து தந்தையிடம் கேட்டாள்: "ஏனுங்கப்பா, ஊரு நாட்டுல அத்தன பேரு இருக்க, உங்க மூஞ்சிதானா கெடைச்சுது அந்தாளுக்கு?"

அடுத்த செவ்வாயன்று சடையனும் கந்தனும் மயிலம்மாளும் தோமினிக்கின் கடைக்குப் போனார்கள். தோமினிக் பார்த்தவுடனேயே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாய்யா, லேகியக்காரரே! தேறிட்டே போலிருக்கே."

"இந்தப் படத்துல இருக்கறது நானில்லீன்னு இந்த அம்மிணிகிட்டச் சொல்லுங்க."

தோமினிக் சிரித்தார். "தெருவுல எடுத்த படம் இங்க எவ்வளவோ கெடக்கு. இதுவரைக்கும் ஒருத்தனாவது வந்து 'என் படத்தைக் குடு'ன்னு கேட்டதில்ல. ஏன் தெரியுமா? கேட்டா அந்த மூஞ்சி அவன் கழுத்துல ஏறிக்கும். கேக்காதவரைக்கும் அது எவனோ ஒருத்தன். நீ படியேறி வந்துட்டே. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்றது?"

மயிலம்மாள் திரும்பினார். "வண்டியப் பூட்டச் சொல்லு கந்தா. நான் வாரேன்."

"இருங்க அம்மிணி." சடையனின் குரல் வீதிக்கே கேட்டது. எதிர்க் கடைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தனர். "ஆமா, அது நாந்தான். ஊசி போடறவர்னு நெனச்சு இவன் பெட்டி முன்னால நின்னேன். எனக்கு ஊசின்னா பயம், போதுமா? அந்தப் பயத்துல சுளிச்ச மூஞ்சியத்தான் இவன் சீக்காளி மூஞ்சின்னு வித்துப்போட்டான். எனக்கு இருமலும் இல்ல, ஈளையும் இல்ல. அந்த லேகியத்த நான் கண்ணால பாத்ததுமில்ல!"

வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மளிகை மண்டிக்காரர் ஒருவர் முன்னால் வந்தார்.

"என்னய்யா சொல்றே? தின்னவே இல்லையா? நான் என் மாமியாருக்கு டப்பா டப்பாவா வாங்கிக் குடுத்தேனே!"

"தேறிட்டாங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"போய்ச் சேந்துட்டாங்க!"

கூட்டம் சிரித்தது, சிரிப்பு அடங்கியபோது அதில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. படத்தை விலைக்கு வாங்கிய லேகிய வியாபாரியின் கடை அதே வீதியில் இருந்தது. தோமினிக்கின் முகம் மாறிற்று.

"யோவ், நிறுத்து. யாரைக் கேட்டு இது நீன்னு சொல்றே? படத்துல இருக்கறவர் புதுச்சேரிப் பக்கத்து ஆளு. நெஜமாவே சீக்கில கெடந்து லேகியம் சாப்பிட்டுத் தேறினவரு."

"இந்தக் காது?"

"காதறுந்தவன் நாட்டுல நீ ஒருத்தன்தானா?"

சடையன் பாய்ந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "இப்பத்தான நாந்தான்னே? எடுறா எம்படத்த! படம் புடிச்ச கண்ணாடித் தகட்டையும் எடு. எம்பட மூஞ்சி, எங்கிட்டக் குடு!"

"உன் படமே இல்லைங்கறேன், எதைய்யா குடுக்கச் சொல்றே?"

"விடுங்கண்ணா கைய" என்றார் மயிலம்மாள். அவர் குரல் உயரவில்லை. ஆயினும் சடையனின் பிடி தளர்ந்தது. மயிலம்மாள் தோமினிக்கின் பக்கம் திரும்பினார். "இது இவரு இல்லைதானுங்களே?"

"இல்லைங்கம்மா."

"இங்க நிக்கறவிங்க அத்தன பேரும் கேக்கச் சொல்லுங்க."

தோமினிக் வீதியைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "இந்தப் படத்துல இருக்கறது இந்த ஆளு இல்ல!"

"அவன் பொய் சொல்றானுங்க அம்மிணி" என்றார் சடையன். "அது நாந்தானுங்க."

"தெரியுமுங்க. ஊசிக்குப் பயம்னு ஒரு ஆம்பள நடுவீதியில பொய்யா சொல்லுவான்? நான் நம்பீட்டேன். ஆனா எம்பட பங்காளிககிட்ட இந்தக் கதையச் சொன்னாச் சிரிப்பாங்க, நம்ப மாட்டாங்க. இவன் சொன்னதச் சொன்னா வாய மூடுவாங்க. இப்பச் சொல்லுங்க. உங்களுக்குக் கல்யாணம் வேணுமா, படம் வேணுமா?"

சடையன் கீழே விழுந்திருந்த துண்டை எடுத்துக்கொண்டார். தோமினிக் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டே, "இனிமே இந்தப் படத்தைக் கேட்டு என் படி ஏறாதே" என்றார். கந்தன் சடையனின் தோளைப் பிடித்து வெளியே அழைத்துச் சென்றார்.

சித்திரையில் உப்புச்சர்க்கரை மாற்றினார்கள். வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு போட்டோக்காரரை வரவழைத்திருந்தனர். பெண்ணையும் மாப்பிள்ளையையும் நாற்காலிகளில் உட்காரவைத்து, சுற்றிலும் உறவினர்களை நிறுத்தினார்கள். பெண்ணின் தகப்பனார் எங்கே என்று போட்டோக்காரர் கேட்டார். கந்தன் கூப்பிடக் கிளம்பினார். மயிலம்மாள் அவரைக் கைகாட்டி நிறுத்தினார்.

"அவரு வேண்டாம். அந்த நோட்டீஸு இன்னும் செவுத்துல இருக்குது. நாளைக்கு எவனாச்சும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தான்னா?"

பந்தலுக்கு வெளியே வண்டிமாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சடையனின் காதில் அது விழுந்தது.

"கூப்பிட்டாத்தான வாரதுக்கு?" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமலே. "எடுக்கறத எடுத்துட்டு, அவனச் சீக்கிரம் ஊரு போய்ச் சேரச் சொல்லுங்க."