முப்பத்தெட்டு தாங்கிய கட்டி

“கட்டுமான, சுற்றுச்சூழல் பொறியியலில் நெடிய கள அனுபவமும், தொழில் நிறுவனங்களோடு பரந்த தொடர்பும் கொண்டவர்; மாணவர் எதிர்காலத்துக்கு ஒளியூட்டுபவர்.” தொழில் வழிகாட்டு மையப் பொறுப்பாளரைப் பற்றிக் கல்லூரிக் கையேடு இப்படிச் சொன்னது. அவருடைய கள அனுபவம், நிலவறைச் சோதனைக்கூடத்தில் பத்தொன்பது வருடம் கான்கிரீட் கட்டிகளை நசுக்கியது. பரந்த தொடர்பு, நிறுவனங்கள் அனுப்பும் கட்டிகளை வாங்கி அடுக்கியது. நெஞ்சில் சிமெண்டுத் தூசி படிந்துவிட்டது, இனிக் கீழே இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் ஒளியூட்ட மேலே அனுப்பினார்கள். பிள்ளைகளுக்கு அவர் அப்போதும் கட்டியக்காதான்.

அந்த வருடம் ஆள் எடுக்க வரச் சம்மதித்தது ஒரே கம்பெனி. இருபத்தேழு இடம். அதற்கு முந்தின மாதம் அவர்கள் கட்டிய கட்டடத்தில் மூன்றாம் மாடித் தளம் விழுந்து இரண்டு கொத்தனார்கள் செத்திருந்தார்கள். சிறையில் இருந்தவன், இதே கல்லூரியில் படித்துப் போன இளம் பொறியாளன். மேலே இருந்தவர்கள் யாரும் எதிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. அனுபவம் என்பது அதுதான்.

தளம் போடும்போது அதே கலவையில் கொஞ்சம் எடுத்துக் கட்டி வார்த்து, இருபத்தெட்டாம் நாள் நசுக்கிப் பார்ப்பார்கள். கட்டியக்கா இன்னும் கீழே இருந்தபோது, ‘என் முன்னிலையில் எடுத்தது’ என்று கையெழுத்திட்டு, பின்னால் விழுந்த அந்தத் தளத்தின் கட்டிகளை அவனேதான் கொண்டுவந்தான். சதுர மில்லிமீட்டருக்கு இருபது நியூட்டன் அழுத்தம் தாங்கினால் போதும். முப்பத்தெட்டு தாங்கியது.

“என்னடா, கட்டிய மட்டும் தனியா ஊட்டி வளத்தீங்களா?”

“கேக்காதீங்கக்கா. சேந்து நாலு மாசந்தான் ஆகுது.”

இருவரும் சிரித்தார்கள். தளத்துக்குப் போக வேண்டிய சிமெண்டு கட்டிக்குப் போயிருந்தது. எண் குறைந்தால் புகார் எழுதப் படிவம் இருந்தது. கூடினால் எழுத எதுவும் இல்லை. கட்டியக்கா முப்பத்தெட்டு என்று எழுதினார்.

நேர்முகத் தேர்வுக்குப் பெயர் கொடுத்த இருபத்தேழு பேரில் தங்கை மகளும் இருந்தாள். ஒத்திகைக்கு வந்தாள்.

“பெரியம்மா, ‘உங்க பலம் என்ன’ன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?”

“கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடுவேன்னு சொல்லு. அங்கயே ஆர்டர் குடுத்துடுவாங்க.”

“விளையாடாதீங்க. வேற கம்பெனி இருந்தா காட்டுங்க, போறேன்.”

அலமாரியில் விண்ணப்ப மாதிரிகள் இருந்தன, தன்னம்பிக்கைக் கையேடுகள் இருந்தன. கம்பெனி இல்லை.

“நான் அப்படிப் போட மாட்டேன் பெரியம்மா. போதுமா?”

“ஜெயில்ல இருக்கானே, அவனும் வேலைக்குப் போறப்ப கீழ லேபுக்கு வந்து இதேதான் சொன்னான்.”

மறுநாள் காலை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு விசாரணை அதிகாரியிடம் போனார். அந்தக் கட்டி தளத்துக் கலவை இல்லை, கம்பெனி தனியாக வார்த்தது, தனக்கு அன்றைக்கே தெரியும் என்றார்.

“தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?”

“யாரும் கேக்கலைங்க.”

“இது உங்க மேலயும் திரும்பும்.”

“திரும்பட்டும். எங்க கையெழுத்துப் போடணும்?”

பையன் வெளியே வரவில்லை. அவன் கையெழுத்து அவன் கையெழுத்துதானே. ஆனால் கம்பெனி முதலாளியை விசாரணைக்கு அழைத்தார்கள். கம்பெனி, ஆள் எடுக்க வரவில்லை என்று இரண்டு வரியில் தெரிவித்தது. தங்கை தொலைபேசியில், “உன் மனசாட்சிக்கு என் பொண்ணுதான் கெடச்சாளா?” என்று கேட்டு வைத்துவிட்டாள்.

இருபத்தேழு பேருக்கு இருந்த ஒரே வேலை வாய்ப்பை அவர் இல்லாமல் செய்தார்.