முருகனின் வெள்ளிக்கிழமை எப்போது முடிகிறது

ஹூஸ்டனில் நான் குடியிருக்கும் மாடி அறைக்குக் கீழே, வீட்டுக்காரர்களான அங்கிளும் ஆன்ட்டியும் வசிக்கிறார்கள். அங்கிள் தூத்துக்குடிக்காரர். தண்ணீரில் நீந்திய எதையும் மரியாதையோடு உண்பவர். அவருக்கும் அந்த உணவுக்கும் நடுவே வாரத்தில் ஒரே ஒரு நாள் திருச்செந்தூர் முருகன் வந்து நிற்கிறார். கிரீன் கார்டு கைக்கு வரும்வரை வெள்ளிக்கிழமைகளில் அசைவம் இல்லை என்பது வேண்டுதல்.

வேண்டிக்கொண்டபோது அவர் மகள் தொடக்கப் பள்ளியில் இருந்தாள். இப்போது ஆஸ்டினில் கல்லூரியில் படிக்கிறாள். அடுத்த ஆண்டு அவளுக்கு இருபத்தொரு வயதாகிறது. அதற்குள் கிரீன் கார்டு வரிசையின் தேதி நகராவிட்டால் அப்பாவின் விண்ணப்பத்திலிருந்து அவள் விலக்கப்படுவாள். தான் வளர்ந்த நாட்டில் தங்குவதற்கே தனியாக விசா தேட வேண்டியிருக்கும். வரிசையின் வேகத்தைப் பார்த்தால், அங்கிள் முருகனுக்கு எழுதிக்கொடுத்தது ஆயுள் ஒப்பந்தம் என்றே எனக்குத் தோன்றும். அவரிடம் இதைச் சொன்னதில்லை. வாடகை நியாயமானது.

சென்ற வசந்தத்தில் என் முனைவர் பட்டத் தகுதித் தேர்வு முடிந்தது. நன்றிக்காக இருவரையும் விருந்துக்கு அழைத்தேன். எனக்குத் தெரிந்த உணவகம் ஒன்றே ஒன்றுதான். டயர் கடைக்கும் பல் மருத்துவமனைக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் கேஜன் உணவகமும் மதுக்கூடமும். லூசியானாவின் சதுப்பு நிலத்து மக்களின் சமையல். வாசலில் ஒரு குளியல் தொட்டி. உள்ளே பனிக்கட்டியும் பீர் புட்டிகளும். கூரையிலிருந்து பாசிமணி அணிந்த பாடம் செய்யப்பட்ட முதலை தொங்கும். அதன் திறந்த வாயில் ‘புகார்கள்’ என்று எழுதிய பெட்டி. மதுக்கூடத்தின் கடைசி ஸ்டூலில் அமர்ந்து நான் படிப்பது வழக்கம். அங்கே யாரும் ‘லிட்டரேச்சர் படிச்சு என்ன பண்ணப்போறே’ என்று கேட்டதில்லை. அந்த ஸ்டூலிலிருந்து சமையலறை முழுவதும் தெரியும். ஒரே ஒரு எண்ணெய்க் கொப்பரை. மீன், இறால், முதலை, உருளைக்கிழங்கு எல்லாம் அதில்தான் இறங்கி ஏறும். ஹூஸ்டனில் நான் கண்ட முழுமையான சமத்துவம் அது.

கிராஃபிஷ் அங்கே வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் கிடைக்கும். இறாலுக்கும் நண்டுக்கும் பிறந்ததுபோல் இருக்கும் நன்னீர்ப் பிராணி. வேறு நாள் போகலாம் என்றேன். ஆன்ட்டி சம்மதிக்கவில்லை.

“வேண்டுதல் அவருது, வாய் என்னுது. அவரு ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் சாப்பிடட்டும்.”

“ஆமாம்மா, நான் சும்மா கம்பெனி கொடுக்கறேன்” என்றார் அங்கிள், தியாகியின் குரலில்.

வெள்ளிக்கிழமை இரவு, கடைக்காரப் பெண்மணி எங்கள் மேசைமீது வெள்ளைக் காகிதம் விரித்தார். எனக்கும் ஆன்ட்டிக்கும் கழுத்தில் பிளாஸ்டிக் துணி கட்டினார்; அங்கிள் வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு, தட்டு என்ற ஏற்பாட்டையே அறியாதவர்போல், ஆவி பறக்கும் சிவந்த கிராஃபிஷ் குவியலை நேராகக் காகிதத்தில் கொட்டினார். பூண்டு, மிளகாய், எலுமிச்சை வாசனை எழுந்தது. அங்கிள் கண்களை மூடிக்கொண்டார்.

அங்கிளுக்கு ஏன் கழுத்துத்துணி வேண்டாம் என்று கேட்ட பெண்மணியிடம், விரதம் என்று சொன்னேன். அந்தப் பெண்மணி எல்லோரையும் ‘பேபி’ என்பார். அதை நான் மனத்துக்குள் ‘கண்ணு’ என்றே மொழிபெயர்த்துக்கொள்வேன்.

“நோன்பா, கண்ணு? எங்களுக்கும் தவக்காலம்தான். வெள்ளிக்கிழமை கறி கிடையாது. அதனாலதான் இங்க இவ்வளவு கூட்டம்.”

“எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டுதானே இருக்காங்க?” என்றார் அங்கிள்.

“மீன் கறியில்ல. இதுவும் மீன் கணக்கு. எங்க ஊர் சர்ச்ல முதலையே மீன் கணக்குத்தான்.”

“முதலையேவா!” அங்கிளின் குரலில் நான் அதுவரை கேட்டிராத பக்தி.

“ஏங்க, நம்ம முருகன் என்ன இவங்க சர்ச்சுக்கா ரிப்போர்ட் பண்றாரு?” என்றார் ஆன்ட்டி, ஒரு கிராஃபிஷின் தலையைத் திருகியபடி.

அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் ஆண்டு முழுவதும் சொற்களை நுணுக்கிப் பார்த்துத் தேர்வு எழுதியவளுக்குக் கை பரபரத்தது.

“அங்கிள், வேண்டுதல் எங்க வச்சு வேண்டினீங்க?”

“திருச்செந்தூர்லதான். சன்னதில நின்னு.”

“அங்க இப்ப சனிக்கிழமை விடிஞ்சாச்சே.”

அங்கிள் கைபேசியை எடுத்து, தூத்துக்குடி நேரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அம்மாடி! லிட்டரேச்சர் படிச்சா ஒண்ணுக்கும் உதவாதுன்னு எவன் சொன்னான்?”

“நீங்கதான். போன வாரம்.” இது ஆன்ட்டி.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. குவியலிலேயே பெரியதாக ஒன்றை எடுத்தார், தலையைத் திருகினார், ஓட்டை ஒரே இழுப்பில் உரித்தார். பாதிரியார்களும் புராணிகர்களும் கூடிச் செய்ய வேண்டிய வேலையை ஒற்றை ஆளாக முடித்துவிட்ட பெருமிதத்தில் நான் பீரை ஒரு வாய் அருந்தினேன்.

“ஒரு நிமிஷம்” என்றார் ஆன்ட்டி. “அந்த ஊரு வெள்ளி முடிஞ்சிருச்சு, சரி. எப்ப ஆரம்பிச்சுது?”

என் தர்க்கத்தின் ஓட்டை எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“நேத்து மத்தியானம், ஆன்ட்டி.”

“நேத்து ராத்திரி எங்கங்க சாப்பிட்டீங்க?”

அங்கிளின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. நேற்று இரவு அவர் ஹில்கிராஃப்ட் சாலையில் அலுவலக நண்பர்களோடு மட்டன் பிரியாணி சாப்பிட்டார். நேற்று மட்டுமல்ல. மறுநாள் விரதம் என்ற உரிமையில் வியாழன்தோறும் பிரியாணி. வேண்டுதலுக்கு எத்தனை வயதோ அந்தப் பழக்கத்துக்கும் அத்தனை வயது.

“அப்ப வாராவாரம் முருகனோட வெள்ளிக்கிழமையில மட்டன் வெட்டியிருக்கீங்க! அதான் டேட் நகரல போல…”

ஆன்ட்டி சிரித்துக்கொண்டேதான் தொடங்கினார். கடைசிச் சொல் வருவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. மகளின் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. பக்கத்து மேசையில் யாருக்கோ பிறந்தநாள். முதலைத் தொப்பியை மாட்டிவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் மேசைக் காகிதத்தில் பரவிய சிவப்புக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கிள் உரித்த கிராஃபிஷைச் சற்று நேரம் விரல்களில் வைத்திருந்தார். பிறகு ஆன்ட்டியின் பக்கம் காகிதத்தில் வைத்தார்.

“ஹூஸ்டன் வெள்ளிதான்” என்றார். “ஆரம்பத்திலிருந்தே ஹூஸ்டன் வெள்ளி. நான் இங்கதானே இருக்கேன்? அவருக்குத் தெரியாதா?”

“தெரியும், தெரியும்” என்றார் ஆன்ட்டி உடனே. “நான் சும்மா சொன்னேன்.”

“வியாழன் அந்தக் கணக்குல வராது.”

“வரவே வராது.”

அங்கிள் நாப்கினை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார். எதுவும் பேசாமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. அன்றைக்கு அந்தத் திறமையைப் பத்து நிமிடம் தாமதமாகப் பயன்படுத்தத் தொடங்கினேன்.

பெண்மணி ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸைக் கொண்டுவந்து வைத்தார். பொன்னிறம், மொறுமொறுப்பு, தாராளமான மசாலா. அங்கிள் ஒன்றை எடுத்துக் கடித்தார். முகம் மலர்ந்தது.

“இதுவும் சூப்பரா இருக்கே! என்னமோ தனி ருசி.”

ஆன்ட்டி நிமிர்ந்து சமையலறைப் பக்கம் பார்த்தார். திறந்த கதவு வழியாகக் கொப்பரை தெரிந்தது. முதலைத் துண்டுகள் நிறைந்த கூடை அப்போதுதான் அதிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே உருளைக்கிழங்குக் கூடை இறங்கியது. ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் எலுமிச்சைத் துண்டைப் பார்த்தேன்.

“ஏங்க, அந்த எண்ணெய்…”

“என்ன?” என்றார் அங்கிள், வாய் நிறைய.

“உப்பு போதுமான்னு கேட்டேன்.”

“போதும், போதும்” என்று சொல்லி, தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.