வெள்ளிக்கிழமைச் சம்பளம்

குருநகரில் யோசப்பின் என்று கூப்பிட்டால் ஒழுங்கைக்கு ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள். இது வலையின் கிழிசல் பொத்தும் யாகோப்பின் மனைவி யோசப்பினைப் பற்றியது. யாகோப்புக்கு முழங்கால் பழுதாகிக் கடலுக்குப் போவது நின்ற பிறகு, வீட்டை நடத்தும் வேலை அவள் தலையில் விழுந்தது. சைக்கிளில் போய் யாழ்ப்பாணப் பட்டினத்து வீடுகளில் கூட்டித் துடைத்து, உடுப்புத் தோய்த்து, மத்தியானச் சமையலும் முடித்துக் கொடுத்துவிட்டு வருவாள். வேலையில் அவளை யாரும் குறை சொன்னதில்லை. சம்பளம் கேட்கும் இடத்தில்தான் அவளுக்கு நாக்கு எழும்பாது.

கடைசியாக வேலைக்கு நின்ற வீட்டில் மாத முடிவில் ஒரே பல்லவி. "கனடாக் காசு இன்னும் வரேல்லை, நாளைக்குத் தாறன்." அந்த நாளை சில மாதங்களில் அடுத்த மாதத்துக்கும் போகும். கடைசி மாதத்துச் சம்பளம் வரவேயில்லை. அதோடு அந்தப் படலையை மிதிப்பதில்லை என்று நின்றுவிட்டாள்.

2024 மே மாதம் கொக்குவிலில் உதயகலா ரீச்சர் வீட்டுக்கு வேலைக்குச் சேர்ந்தாள். ரீச்சர் ஓய்வு பெற்றவர், கணவர் காலமாகிவிட்டார், மகன் நோர்வேயில். மதில் சுற்றிய வளவுக்குள் தனியே இருந்தார். மாதத்தின் கடைசி நாள் சம்பளம் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

யோசப்பினுக்கு அந்தக் கடைசி நாள் முக்கியம். அவள் ஒரு சீட்டில் சேர்ந்திருந்தாள். பக்கத்து ஒழுங்கைக் கிறிஸ்ரினா பிடிக்கும் சீட்டு அது. ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி இரவுச் சாப்பாட்டுக்கு முன் காசு கட்டிவிட வேண்டும். ஒருமுறை பிந்தினாலும் பெயர் வரிசையின் வாலுக்குப் போய்விடும். முறை வந்ததும் சீட்டை எடுத்துச் சமைக்க ஒரு குசினி கட்ட வேண்டும் என்பது அவள் நினைப்பு. ஊரார் வீட்டுக் குசினியெல்லாம் மினுக்கிவிட்டு வந்து, தன் வீட்டில் மழை ஒழுகும் தகரக் கொட்டிலுக்குள் புகையோடு மாரடிப்பது அவளுக்குப் பெரிய மனக்குறை.

மே 31 வெள்ளிக்கிழமையாக வந்தது. வேலை முடிந்து சைக்கிளை எடுக்கும்போது ரீச்சர் சொன்னார்: "யோசப்பின், இண்டைக்கு வெள்ளி. வெள்ளியிலை நான் காசு குடுக்கிறதில்லை. நாளைக்குத் தாறன், என்ன?"

"ஓம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வழி முழுக்க அந்த 'நாளைக்கு' கூடவே வந்தது.

"இதுவும் அந்த வீடுதான்" என்றாள் யாகோப்பிடம். "முதல் மாதமே நாளைக்காம்."

"சைவ ஆக்கள் வெள்ளியிலை குடுக்கமாட்டினம் தானே. விளக்கு வைச்ச பிறகும் குடுக்காயினம். லட்சுமி போயிடுவாவாம்."

"போன வீட்டிலை கனடாவைச் சொன்னவை. இந்த வீட்டிலை லட்சுமியைச் சொல்லினம். எனக்கு எல்லாம் ஒண்டுதான்."

இன்னொரு 'நாளைக்கு' கேட்க மனமில்லாமல் சனிக்கிழமை அவள் கொக்குவிலுக்குப் போகவில்லை. கடற்கரையில் இறால் உடைக்க ஆள் தேடினார்கள் என்று கேள்விப்பட்டு, விடியவே அங்கே போனாள். அன்றைய கூலி அன்றைக்கே கையில் வந்தது. ஆனால் அது சீட்டுக் காசில் கால்வாசிக்கும் காணாது. கிறிஸ்ரினாவின் கையைக் காலைப் பிடித்தாவது இரண்டு நாள் தவணை கேட்க வேண்டும் என்று நினைத்தபடி, இறால் மணத்தோடு பின்னேரம் வீட்டுக்குத் திரும்பினாள்.

முற்றத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் உதயகலா ரீச்சர் இருந்தார். கையில் பாதி குடித்த பிளேன்ரீ. கண் அடுத்த வீட்டுக் கூரையில் இருந்த வெயிலில்.

"வந்திட்டீரே? கெதியா வாரும், பொழுது படப்போகுது" என்று எழும்பினார். "உம்மைத் தேடி மூண்டு யோசப்பின் வீட்டு வாசலுக்குப் போயிட்டன். ஒரு யோசப்பின் எனக்குச் சாப்பாடே போட வெளிக்கிட்டிட்டா."

"என்னட்டைக் குடுத்திட்டுப் போங்கோ எண்டு அப்போதை சொன்னன்" என்றார் யாகோப்பு, வலையிலிருந்து தலை நிமிராமல். "என்ரை மூஞ்சியிலை ரீச்சருக்கு நம்பிக்கை வரேல்லை."

"வேலை செய்தது அவ. காசும் அவவின்ரை கையிலைதான்" என்ற ரீச்சர், கைப்பையிலிருந்து உறையை எடுத்து நீட்டினார். "எண்ணும்."

"வேண்டாம் ரீச்சர்."

"எண்ணும் எண்டு சொல்லுறன். நீர் எண்ணி முடிக்க முதல் பொழுது பட்டால் நான் திருப்பி வாங்கிக்கொண்டு போகோணும்."

யோசப்பின் எண்ணினாள். சரியாக இருந்தது. இறால் ஈரம் பட்டு மேல் தாள் நனைந்துவிட்டது. அதைச் சட்டையில் ஒற்றி மற்றத் தாள்களோடு உறைக்குள் வைத்தாள். ஏன் வேலைக்கு வரவில்லை என்று ரீச்சர் கேட்கவில்லை.

"பிழை என்ரைதான்" என்றார் ரீச்சர். "வெள்ளி வருகுது எண்டு கலண்டரிலை கிடக்குது. வியாழக்கிழமையே தந்திருக்கலாம். இனி அப்பிடிச் செய்வம். நீரும் கோபமெண்டால் முகத்துக்கு நேரை சொல்லும். ஒளிக்காதையும். இண்டைக்கு என்ரை வீட்டிலை ஒரு சட்டி கழுவேல்லை."

ரீச்சர் ஓட்டோவில் ஏறியதும் யோசப்பின் ஓட்டமும் நடையுமாகக் கிறிஸ்ரினா வீட்டுக்குப் போனாள். சீட்டில் அவள் பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதன் பிறகு மாதக் கடைசிகள் சத்தமில்லாமல் வந்து போயின. யாகோப்பைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போன நாட்களுக்கு ரீச்சர் சம்பளம் வெட்டவில்லை. டிசம்பர்ச் சம்பளம் நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே வந்தது. ஒரு நாள் யோசப்பின் கண்ணாடிச் சாடி ஒன்றை உடைத்துவிட்டு, துண்டுகளை ஒளிக்காமல் கொண்டுபோய்க் காட்டினாள். ரீச்சர் பார்த்துவிட்டு, "அது மச்சாள் தந்தது. எனக்கு உதிலை ஒருநாளும் விருப்பம் இருக்கேல்லை" என்றார். சம்பளம் கேட்க வேண்டும் என்ற கவலையே யோசப்பினுக்கு மறந்துபோயிற்று.

2025 ஜனவரியின் கடைசி நாளும் வெள்ளி. வியாழனே சம்பளம் வந்திருக்க வேண்டும். அன்று விடியப்புறம் சண்டிலிப்பாயில் ரீச்சரின் சொந்தக்காரர் ஒருவர் செத்துப்போனார். ரீச்சர் செத்தவீட்டுக்குப் போய் இரவுதான் திரும்பினார். சனிக்கிழமை தந்தால் போதும், ரீச்சர் வீட்டுச் சனிக்கிழமைக்கு இனிப் பயமில்லை என்றுதான் யோசப்பின் இருந்தாள். ஆனால் வியாழன் பின்னேரம் கிறிஸ்ரினா வந்தாள்.

"யோசப்பினக்கா, சனி விடிய நான் கொழும்புக்குப் போறன். இந்தமுறை சீட்டு நாளைக்குப் பின்னேரமே. உங்கடை முறையெல்லே வந்திருக்கு. உங்கடை காசைக் கட்டினால்தான் முழுச் சீட்டையும் தரலாம். இல்லாட்டி அடுத்த ஆளுக்குப் போயிடும். பிறகு என்னோடை கோவிக்காதையுங்கோ."

வெள்ளி காலையில் யோசப்பின் வாய் திறக்காமல் வீடு துடைத்தாள். கேட்டால் ரீச்சர் தருவார், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டு வழக்கத்தைத் தன் பொருட்டு முறிக்க வைப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. கேட்காவிட்டாலோ குசினி போய்விடும்.

"என்ன, இண்டைக்கு வாயை வீட்டிலை வைச்சிட்டு வந்தீரோ?" என்றார் ரீச்சர். "முகத்துக்கு நேரை சொல்லும் எண்டு சொன்னனான் எல்லே."

யோசப்பின் துடைக்கிற துணியைப் பிழிந்தபடியே சொன்னாள். ரீச்சர் சுவாமிப் படத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த அலுமாரித் திறப்புக் கோர்வையை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான் குடுக்கேலாது. வெள்ளிக்கிழமை இந்த வீட்டிலை நான் கைநீட்டிக் காசு குடுத்ததில்லை. நீர் எடும். அறைக்குள்ளை அலுமாரி, மேல்தட்டு, சீலைக்குக் கீழை. நான் குசினிக்குள்ளை நிக்கிறன்."

"ரீச்சர், லட்சுமியைப் பேய்க்காட்டப் போறியளோ?"

"நான் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை. நான் குடுக்கேல்லை, அவ்வளவுதான். போம், போம்."

அந்த அலுமாரியை அவள் வெளியே துடைத்திருக்கிறாள், திறந்ததில்லை. சீலைகளுக்குக் கீழே ஒரு கட்டுக் காசு, பக்கத்தில் நகைப் பெட்டி. யோசப்பின் கையைச் சட்டையில் இரண்டுதரம் துடைத்தாள். தன் சம்பளத்தை எடுத்து, குசினிக்குக் கேட்கும்படியாக உரத்து எண்ணத் தொடங்கினாள்.

"சத்தம் போடாதையும்" என்று குசினியிலிருந்து குரல் வந்தது. "லட்சுமிக்குக் கேக்கப் போகுது."

யோசப்பினுக்குச் சிரிப்பு வந்து எண்ணிக்கை பிசகிவிட்டது. முதலிலிருந்து மெதுவாக எண்ணினாள். மற்றக் காசை இருந்தபடியே வைத்து, அலுமாரியைப் பூட்டி, திறப்பை மேசையில் வைத்தாள். ரீச்சர் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அலுமாரிப் பக்கம் போகவேயில்லை. "புட்டு ஆறுது, வந்து சாப்பிடும்" என்றார்.

அன்று பின்னேரம் சீட்டுக் காசு முழுவதும் யோசப்பினின் மடிக்கு வந்தது.

குசினி ஏப்ரலில் எழும்பியது. சின்னதுதான்; ஆனால் புகைபோக்கி உண்டு, பாத்திரம் வைக்கச் சீமெந்துத் தட்டு உண்டு. பால் காய்ச்ச நாள் குறிக்கும்போது அவள் முதலில் ரீச்சரிடம்தான் கேட்டாள்.

"உங்கடை சேர்ச் சுவாமியாருக்கு எப்ப வசதியோ அப்ப வையும்" என்றார் ரீச்சர். "வெள்ளி மட்டும் வேண்டாம். நான் கொண்டுவாற உறையை உம்மடை கையிலை தரேலாமல் போயிடும்."

"வெள்ளியெண்டால் என்ன ரீச்சர், உங்கடை பையைத் திறந்து நானே எடுக்கிறன்" என்றாள் யோசப்பின்.

ஞாயிறு பூசை முடியப் பால் காய்ச்சினார்கள். இந்தமுறை ரீச்சர் ஒரு யோசப்பினிடமும் வழி கேட்காமல் நேரே வந்து சேர்ந்தார்.