அம்மாவின் அளவில் ஒரு வில்

எங்கள் வீட்டில் ஒருவருக்கென்று மட்டும் எந்தச் சாமானும் வாங்கியதில்லை. எனக்கு வாங்கும் சப்பாத்து இரண்டு அளவு பெரிதாக இருக்கும். முன்பக்கத்தில் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். பஞ்சு தேவைப்படாத காலம் வரும்போது சப்பாத்து தம்பிக்குப் போய்விடும், அவனும் பஞ்சு அடைப்பான். “வளருற பிள்ளைதானே” என்பது அப்பாவின் வேதவாக்கு. வளர்ந்து முடிந்துவிட்ட அம்மாவுக்கு அந்தச் சலுகையும் கிடையாது. லிபெர்த்தா வீதியில் அம்மா சம்பளத்துக்குப் பராமரித்துவந்த வயதான இத்தாலியச் சிஞ்ஞோரா கழித்துவிட்ட உடுப்புகள்தான் அவருக்கு வரும். அந்த அம்மையார் நல்ல உயரம், எங்கள் அம்மா கட்டை. மடித்து, சுருக்கி, ஊசி குத்திப் போட்டுக்கொள்வார். சிசிலித் தீவின் பலெர்மோவில் நான் வளர்ந்த காலத்தில் எங்காவது ஒரு சேப்டி பின் இல்லாமல் அம்மாவின் உடுப்பை நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டில்தான், எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, வேட்டைக்கு ஒரு வில் வாங்கப்போவதாக அம்மா அறிவித்தார்.

காரணம் பன்றி. பக்கத்து ஊரான பகேரியாவுக்கு அப்பால் மலையடியில் ஒரு துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்து அம்மா கத்தரியும் மிளகாயும் பூசணியும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களையும் ரயிலில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போவார். எங்கள் வீட்டுப்பாடத்தைப் பார்ப்பதைவிடக் கவனமாக ஒவ்வொரு செடியையும் பார்ப்பார். ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தால் தோட்டம் உழுதுவிட்டதுபோலக் கிடந்தது. காட்டுப்பன்றிகள் குடும்ப சமேதராய் வந்து விருந்துண்டு போயிருந்தன. சந்தையில் இல்லாத கத்தரிக்காயா, விடும் என்றார் அப்பா. அம்மா அறுந்து கிடந்த பூசணிக்கொடியைக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னார்.

“பண்டி என்ரை பூசணியைத் திண்டிட்டுது. இனி நான் பண்டியைத் தின்னுறன்.”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மா சிரிக்கவில்லை. அப்போதே எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பக்கத்துக் காணிக்காரர் ஒரு சிசிலியர். குளிர்காலத்தில் கூட்டாளிகளோடு மலைக்குப் போய் வில்லால் பன்றி வேட்டையாடுகிறவர். நானும் வரலாமா என்று அம்மா அவரிடமே போய்க் கேட்டார். அவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முதலில் வேட்டை அனுமதி எடுக்க வேண்டும் என்றார். பிறகு இருபது மீற்றர் தூரத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்தை விட்டு அம்பு வெளியே போகாமல் எய்து காட்ட வேண்டும், அப்படிக் காட்டினால் கூட்டிக்கொண்டு போகிறேன், காட்டாவிட்டால் இல்லை என்றார். துவக்கு என்றால் சுலபம், தூரத்திலிருந்தே சுடலாம் என்றும் சொன்னார். அம்மா அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு அப்பாவிடம் திரும்பினார். “அந்தச் சத்தம் வேண்டாம் எண்டுதானே ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தனாங்கள்.”

அந்தக் குளிர்காலம் முழுவதும் அம்மா, வேட்டை அனுமதிப் பரீட்சைக்காக, புட்டுக்கு மாக் குழைத்தபடி இத்தாலியப் பறவைகளின் பெயர்களைப் பாடமாக்கினார். எதை வேட்டையாடலாம், எதைத் தொடவே கூடாது என்று நான் கேள்வி கேட்பேன், அவர் கையை உதறாமல் பதில் சொல்வார். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதிக்காகக் கால்கடுக்க நின்ற அதே குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் வேட்டை அனுமதிக்கும் போய் நின்றார். கோயிலில் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு கதைத்தார்கள். அம்மா விபூதியைப் பூசிக்கொண்டு வீட்டுக்கு வந்து பறவைப் பாடத்தைத் தொடர்ந்தார். “நீர் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால்தான்” என்று அப்பா கேலி செய்தார். “முயல் இல்லை, பண்டி” என்றார் அம்மா.

அனுமதி கைக்கு வந்ததும் வில் வாங்கக் குடும்பமாகப் போனோம். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வியா மக்வேதா என்ற பெருந்தெருவிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில், வெளியே பெயர்ப்பலகைகூட மங்கிப்போயிருந்த ஒரு சின்னக் கடைக்கு. வில் என்றால் கோயில் படத்தில் இராமர் பிடித்திருப்பது மாதிரி இருக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். சுவரில் தொங்கியவற்றைப் பார்த்தால் சைக்கிளைப் பிரித்து மாட்டியதுபோல இருந்தது. இரண்டு முனையிலும் கப்பி, கப்பிகளைச் சுற்றிக் கயிறு. கொம்பவுண்ட் வில் என்று அதற்குப் பெயர். முதலில் இழுக்கும்போது பாரமாக இருக்கும். ஓர் இடத்தைத் தாண்டியதும் கப்பி சுழன்று பாரத்தைத் தான் வாங்கிக்கொள்ளும், அதன்பிறகு நிதானமாகக் குறி பார்த்துக்கொண்டு நிற்கலாம்.

கடைக்காரி கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்த பருத்த பெண். யாருக்கு என்று கேட்டார். அப்பா தான் வேலைசெய்யும் சமையலறையில் பொறுக்கிய இத்தாலியனில் முந்திக்கொண்டு, எல்லாருக்கும் என்றார். எல்லாருக்கும் என்றால் ஒரு பானை வாங்கிக்கொண்டு போங்கள் என்றார் கடைக்காரி.

அப்பா அசரவில்லை. சுவரில் இருந்தவற்றிலேயே பெரியதாகவும் கறுப்பாகவும் இருந்த ஒன்றைக் காட்டினார். அதன் இழுவைப் பாரம் எழுபது இறாத்தல், முப்பது கிலோவுக்கு மேல். யாழ்ப்பாணத்தில் பேக்கரியில் பாணை இறாத்தல் கணக்கில் வாங்கி வளர்ந்த மனிதர், வில்லையும் அப்படித்தான் நினைத்தார் போல. “கூட இருக்கிறதை எடும். பழகப் பழகச் சரிவரும்.” எனக்குச் சப்பாத்து வாங்கும்போது சொல்லும் அதே குரல். சொன்னதோடு நிற்காமல் தானே வாங்கி இழுத்தும் பார்த்தார். பாதி தூரம் வந்தது. முகம் சிவந்தது. அப்படியே விட்டுவிடப் போனவரின் கையைக் கடைக்காரி பாய்ந்து பிடித்துக்கொண்டார். அம்பில்லாமல் நாணை விட்டால் வில் முகத்திலேயே வெடித்துச் சிதறும் என்று கத்தினார். அப்பா தோளைத் தடவிக்கொண்டு, நேற்று வேலையிடத்தில் பிடித்துக்கொண்ட தோள் என்றார்.

கடைக்காரி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். இதில் இருந்தபடி, வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்காமல், நேரே நீட்டி, மெதுவாக இழுக்க முடிய வேண்டும். அதுதான் உங்கள் பாரம். அதற்குமேல் ஒரு இறாத்தலும் வேண்டாம். நீங்கள் வில்லோடு மல்லுக்கட்டும்வரை பன்றி கூத்துப் பார்த்துக்கொண்டு நிற்காது என்றார்.

பிறகு வேறொரு வில்லை எடுத்துக் காட்டினார். புதிதாகப் பழகுகிறவர்களுக்கானது. திருகாணிகளைத் திருப்பினால் சிறு பிள்ளைக்கும் பொருந்தும், பெரியவருக்கும் பொருந்தும். அப்பாவின் முகம் மலர்ந்தது. வெள்ளைக்காரர் கண்டுபிடித்தவற்றில் எங்கள் வீட்டுக்கென்றே கண்டுபிடித்த சாமான் இது ஒன்றுதான் என்பதுபோலப் பார்த்தார். “பாரும், உமக்கும் சரி, எனக்கும் சரி, பிள்ளைக்கும் சரி. சின்னவன் வளர்ந்தால் அவனுக்கும்!” நானும் அப்பாவின் கட்சிதான். கேட்பானேன், மனதுக்குள் ஞாயிறு காலைகளை எனக்கென்று ஒதுக்கியும் விட்டேன்.

அது நல்ல வில்தான், பொய் சொல்லமாட்டேன் என்றார் கடைக்காரி. ஆனால் ஒவ்வொருவருக்காகவும் மாற்றும்போது குறியையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். அதை மறந்துவிட்டுக் காட்டுக்குப் போனால் நெஞ்சுக்குப் போகவேண்டிய அம்பு வயிற்றில் போய்க் குத்தும். அந்த மிருகம் புதருக்குள் ஓடிப்போய்த் தனியாகக் கிடந்து சாகும். விளையாடத்தான் என்றால் எல்லோரும் எடுங்கள். வேட்டைக்கு என்றால், வேட்டைக்குப் போகப்போகிறவர் யார்?

அம்மா ஓர் அடி முன்னால் வந்தார்.

கடைக்காரி அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, சுவரோடு நின்று இரண்டு கைகளையும் விரிக்கச் சொன்னார். விரித்த கையின் நீளத்தை வைத்துத்தான் நாணை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று கணக்குப் பார்ப்பார்களாம். “என்ன, சட்டை தைக்கப்போறாவோ?” என்று அம்மா என்னைப் பார்த்து வெட்கத்தோடு கேட்டார். கடைக்காரி ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்தார். ஏதோ தவறு நடந்துவிடக்கூடாது என்பதுபோல இன்னொரு தடவையும் அளந்தார். அளந்து முடித்து அவர் உள்ளே போன பிறகும் அம்மா கையை விரித்தபடியே நின்றார். “அளந்தாச்சு அம்மா, கையை இறக்குங்கோ” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து வந்தது கபில நிறத்தில் கட்டையான ஒரு வில். அழகில்லை. அம்மா முக்காலியில் இருந்து நேரே நீட்டி இழுத்தார். நாற்பது இறாத்தல் மெதுவாக, நடுங்காமல் வந்தது. கடைக்காரி திருகாணியை முறுக்கி நாற்பத்தைந்து ஆக்கினார். அதுவும் வந்தது. பன்றிக்கு இது போதும் என்று சொல்லிக்கொண்டு கடைக்காரி அம்மாவின் முதுகைத் தொட்டுப் பார்த்தார். என்ன விளையாட்டு விளையாடுவீர்கள் என்று கேட்டார். விளையாட்டு ஒன்றுமில்லை, தினமும் காலையில் ஒரு சிஞ்ஞோராவைக் கட்டிலிலிருந்து தூக்கி இருத்துகிறேன் என்றார் அம்மா.

பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினார். “இதுதான். இது எனக்கு மட்டும்.”

எங்கள் வீட்டில் அந்த இரண்டு சொல்லையும் சேர்த்து யாரும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

“இண்டைக்குச் சனிக்கிழமை. இரும்பு வாங்கக்கூடாது.”

“இது அலுமினியம்.”

“அம்பு முனை?”

“அதுக்குத் திங்கட்கிழமை வாறன்.”

திங்கட்கிழமை வேலை முடிந்து போய், அம்பு முனைகளை வாங்கிக்கொண்டும் வந்தார். சாஸ்திரத்தையும் விடவில்லை, வில்லையும் விடவில்லை.

கோடை முழுவதும் அம்மா காணியில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிவைத்து எய்தார். சிஞ்ஞோராவின் சட்டைக் கைகள் தொளதொளவென்று நாணில் சிக்கின. அம்பு எலுமிச்சை மரத்தில் போய்த் தைத்தது. அம்மா அன்று மாலையே கத்தரிக்கோலை எடுத்துச் சட்டைக் கைகளை வெட்டித் தன் கைக்கு அளவாகத் தைத்துக்கொண்டார். சேப்டி பின்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வேட்டைக்காலம் தொடங்குவதற்கு முன் பக்கத்துக் காணிக்காரர் வந்து நின்று பார்த்தார். அம்புகள் தட்டளவு வட்டத்துக்குள்ளேயே நின்றன. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துவிட்டு, எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று கேட்டார்.

முதல் இரண்டு தடவையும் வெறுங்கையோடு வந்தார். மூன்றாம் தடவை ஒரு தொடை இறைச்சியோடு வந்தார். அம்மாவின் அம்புதான் என்று காணிக்காரரே வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். ஊரில் பங்கு இறைச்சி போடுவதுபோல அம்மா அதைக் கூறு போட்டு, எங்கள் கட்டிடத்தில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். கோயிலில் வாயைப் பொத்திக் கதைத்தவர்களுக்கும் ஒரு கூறு போனது. அவர்கள் வாயைத் திறந்து சாப்பிட்டார்கள். அப்பா இரண்டாம் தடவையும் கறி போட்டுக்கொண்டு, இனி அந்த வில்லைத் தானும் ஒருக்கால் எடுத்துப் பார்க்கலாமே என்று மெல்ல ஆரம்பித்தார்.

“இறைச்சி எல்லாருக்கும் பங்கு. வில் எனக்கு.”

அப்பா கறியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். நான் விடவில்லை. நான் வளர்ந்த பிறகாவது அதை எனக்குத் தருவீர்களா என்று கேட்டேன். பெரிய மனிதர்களுக்குத் தராவிட்டாலும் பிள்ளைக்குத் தருவார் என்று ஒரு நம்பிக்கை.

“இல்லை,” என்றார் அம்மா. “உனக்கு உன்ரை அளவிலை வேறை வாங்குவம்.”

நத்தார், புதுவருட விடுமுறை முடிந்ததும் எனக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்க வேண்டியிருந்தது. வழக்கமாக அப்பாதான் கூட்டிக்கொண்டு போவார். அந்தமுறை நானே போறன் என்று அம்மா வந்தார். வியா மக்வேதாவில் ஒரு கடையில் என்னை இருத்தி, காலை அளக்கச் சொல்லி, ஒரு சோடியைப் போட்டுவிட்டார்கள். குதிக்கால் அசையவில்லை. நடந்து பார்த்தேன். சப்பாத்து என்னை விட்டுவிட்டு முன்னால் போகவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

“அம்மா, இது சின்னன்.”

அம்மா நிலத்தில் குந்தி, சப்பாத்தின் நுனியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார்.

“சின்னன் இல்லை. இதுதான் உன்ரை அளவு.”

“பஞ்சு வைக்க இடமில்லையே?”

“ஓம், இல்லை,” என்று சொல்லிவிட்டு அம்மா அப்படியே கொஞ்சநேரம் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

வீடு வரும்வரை முகத்தை நீட்டிக்கொண்டு நடந்தேன். கதவைத் திறந்ததும் நேரே தம்பியிடம் போனேன். வில்லும் தரமாட்டாவாம், சப்பாத்தும் சின்னனாய் வாங்கித் தாறா, அம்மாவுக்கு இப்ப என்னிலை முந்தி மாதிரி விருப்பமில்லை என்று சொன்னேன்.