சட்டைப்பையில் விழுந்த குத்து

துலுங்காகுங் ஊரில் பஞ்சர் ஒட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் உண்டு. பஞ்சர் ஒட்டிக்கொண்டே நாட்டையும் ஆளுகிறவர் காத்திரான் ஒருவர்தான். ஜனாதிபதித் தேர்தல் வந்துவிட்டால் மனிதருக்குக் கால் தரையில் பாவாது. விடிந்ததும் ஜுமிலாவின் காபிக்கடைக்கு வந்துவிடுவார். அடியில் தங்கிய காபி மண்டியை அந்த ஊர் வழக்கப்படி கிராம்பு சிகரெட்டின் மேல் பூசியபடியே தொலைக்காட்சிச் செய்தியை ஒரு பிடி பிடிப்பார். எந்தக் கட்சி எதற்காகக் கூட்டணி மாறியது, எந்த மந்திரி திடீரென்று சேற்றில் இறங்கி ஏன் நாற்று நடுகிறார், எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. பாதி அளப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த அளப்பைக் கேட்காமல் யாருக்கும் காபி இறங்காது.

இந்த முறை போட்டி இரண்டே பேருக்குள். காத்திரான் ஒன்றாம் எண் பக்கம். அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் ங்காத்மின் இரண்டாம் எண் பக்கம். ஒருநாள் பேச்சு முற்றி, காத்திரான் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டார்.

"நம்ம வாக்குச்சாவடியில ஒன்னாம் நம்பர் தோத்தா, அடுத்த ஜனாதிபதி தேர்தல் வரைக்கும் இந்தக் கடையில நான் அரசியல் பேசல. இது நேர்ச்சை."

"அண்ணே, நீங்க சோத்தை விட்டாலும் விடுவீங்க, பேச்சை விட மாட்டீங்க. யோசிச்சு சொல்லுங்க" என்றாள் ஜுமிலா.

"சொன்னது சொன்னதுதான்."

நாலு பேர் காதில் விழுந்த நேர்ச்சையை அந்த ஊரில் யாரும் திரும்ப வாங்க முடியாது.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் கடையே பள்ளிக்கூடமாகிவிட்டது. அந்த நாட்டில் ஓட்டுப் போடுவது என்றால், மடித்துத் தரும் சீட்டை விரித்து வேட்பாளர் படத்தில் ஆணியால் ஓட்டை போடுவது. செய்தித்தாளை மடித்து, விரித்து, குச்சியால் குத்திக் காட்டினார்.

"ஆணியைத் தொடறதுக்கு முன்னாடி சீட்டை முழுசா விரிக்கணும். மடிப்போட குத்துனா ரெண்டு ஆளையும் துளைச்சிரும், ஓட்டு பாழாயிரும். இன்னொன்னு, மூஞ்சில குத்தாதீங்க, பாவம். நான் எப்பவும் சட்டைப்பையிலதான் குத்துவேன். நாளைக்குப் பதவிக்கு வந்து பையில கை விடும்போதெல்லாம் என் நெனப்பு வரட்டும்."

ங்காத்மின் விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுநாள் மகன் கல்யாணத்துக்கு எடுத்த பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வரிசையில் நின்றார். மறைப்புக்குள் போனார். சீட்டில் ஒரு மடிப்பை விரித்தார். அவருடைய ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை, ஆணியை எடுத்து ஒரே குத்து. சுண்டுவிரல் மையைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டே வீடு போனார்.

அன்று பிற்பகலே வாக்குச்சாவடிப் பந்தலுக்கடியில் எண்ணிக்கை தொடங்கியது. அதிகாரி ஒவ்வொரு சீட்டாக வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். ஓட்டை எங்கே தெரிகிறது என்று தெருவே கழுத்தை நீட்டும். "ஒன்று, செல்லும்" என்பார். ஒரு பக்கம் கைதட்டல். "இரண்டு, செல்லும்." மறுபக்கம் விசில். இரண்டும் முட்டி மோதிக்கொண்டு வந்தன. காத்திரானுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

அப்போது ஒரு சீட்டில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. "செல்லாது."

"எந்தப் புண்ணியவான்டா அது?" என்று காத்திரான் கத்தினார். "படிச்சுப் படிச்சு சொன்னேனே, விரிச்சுக் குத்துங்கன்னு."

ஜுமிலா கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "அண்ணே, ரெண்டு குத்தும் சட்டைப்பையில இருக்கு."

எல்லோரும் காத்திரான் பக்கம் திரும்பினார்கள். பிறகு எழுந்த சிரிப்பில் பந்தல் கம்பமே ஆடியது. காத்திரான் தன் கையையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசிச் சீட்டும் முடிந்தபோது இரண்டாம் எண் ஒரே ஓட்டில் ஜெயித்திருந்தது. அந்தச் சீட்டு செல்லுபடியாகியிருந்தால் சமநிலை, நேர்ச்சையிலிருந்து அவரும் தப்பியிருப்பார். தன் வாய்க்குத் தானே ஆணி அடித்துக்கொண்டார் மனிதர்.

மறுநாள் காலை கடைக்கு வந்தார், வணக்கம் சொன்னார், காபியைக் குடித்தார். அவ்வளவுதான். தொலைக்காட்சியிலோ, நாடு முழுக்க எண்ணி முடிவதற்குள்ளேயே இரண்டு தரப்பும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்று குதித்துக்கொண்டிருந்தன. இப்படி ஒரு செய்தி எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும்? கடையில் எல்லோரும் காத்திரானையே பார்த்தார்கள். அவர் வறுத்த தெம்பே சோயாத் துண்டை மென்றுகொண்டிருந்தார், கண் மட்டும் திரையில் துடித்தது. பார்க்கவே பாவமாக இருந்தது.

சாவடியில் ஜெயித்த ங்காத்மினுக்குத்தான் முதலில் தாங்கவில்லை. யாரை எதிர்த்து அவன் கொண்டாடுவது?

"யோவ் அண்ணே, நீ என் ஆளு பையிலயும்தானே குத்துன?"

காத்திரான் தலையாட்டினார்.

"அப்ப நீ பாதி எங்க ஆளு. பாதி ஜெயிச்சிருக்க. பாதி வாயாவது தொற."

ஜுமிலா சிரிப்பை அடக்கிக்கொண்டு செய்தித்தாளை அவர் முன்னால் போட்டாள். காத்திரான் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மடித்துக் கிடந்த தாளை எடுத்தார், ஒரு மடிப்பு விடாமல் பெஞ்சின் மேல் முழுக்க விரித்தார், உள்ளங்கையால் நீவிவிட்டார். அப்புறம்தான் வாயைத் திறந்தார்.