'உம்ப' என்ற சொல்லால் வந்த வினை

ஹட்டனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். லொறிச் சாரதிகள் பேசுவதைக் கேட்டுத்தான் சிங்களம் பழகினேன். அவர்கள் ஒருவரையொருவர் 'உம்ப' என்றே அழைப்பார்கள். 'நீங்கள்' என்பதற்கு அதுதான் சொல் என்று எண்ணிவிட்டேன்.

போன மாதம் சந்தையில் கத்தரிக்காய் விற்ற முதியவரிடம் சிரித்தபடி, "உம்பே கம கொஹேத?" என்று ஊரை விசாரித்தேன். மறுகணம் அவருடைய மகன் தராசுப் படிக்கல்லால் என் வாயில் அடித்தான். கீழே விழுந்த என்னை இன்னும் இருவர் விலாவில் மிதித்தார்கள். மகன் கத்தியை ஓங்கியபோது, எதிரே புடைவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று அழைப்பவர், ஓடிவந்து குறுக்கே கையை நீட்டினார். வெட்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. அந்த இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அடங்கினார்கள்.

"என்ன தம்பி, வயசான மனுசன்கிட்ட 'டேய், ஒன் ஊரு எதுடா'ன்னா கேப்பீங்க?" என்றார் கடைக்காரர்.

"மரியாதையாத்தான் கேட்டேன் நானா," என்று அழுதேன்.

எனக்கு முன்பற்கள் இரண்டு போயின. நானாவின் விரல்கள் இன்னும் மடங்கவில்லை. துணி வெட்டக் கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல் தவிக்கிறார். இப்போதெல்லாம் புதிதாக ஒரு சிங்களச் சொல்லைக் கேட்டால், அதன் பொருளோடு நான் விடுவதில்லை. அதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்று கேட்ட பிறகுதான் வாய் திறக்கிறேன்.