பலாமரத்தில் கட்டிய குரல்

போன வாரம் குண்டசாலையில் ஒரு கூட்டம். பழைய அம்ப்ளிஃபையர் சூடேறியதும் தூசி கருகும் வாசனை வந்தது. நான் அங்கே அபிவிருத்தி உத்தியோகத்தர், வரவேற்புரை என்னுடையது. இரண்டு வரி பேசிவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாசனையோடு வளர்ந்தவள் நான். பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். பாடசாலைக் காலைக்கூட்டத்தில் கைக்கு வந்த மைக், பல்கலைக்கழக மாணவர் சங்கத் தலைவியான பிறகும் இறங்கவில்லை. சிரமதானமா, கண் பரிசோதனை முகாமா, அறிவிப்பு என் குரலில்தான். கண்டி டவுனில் தெருக் கூட்டும் அப்பா, "தலைவியம்மா, வீட்டுலயாவது மெதுவாப் பேசுங்க" என்று கும்பிடு போடுவார். விருந்தாளி வந்தால் அவரேதான், "அந்த இங்கிலீஷ் பேச்சைப் பேசிக் காட்டும்மா" என்பார். எனக்கும் கேட்கவா வேண்டும்!

கெலிஓயாவுக்கு மேலே, மலைச்சரிவில் பதினொரு வீடுகள் எங்கள் ஆட்களுடையவை. நான் சங்கத் தலைவியாக இருந்தபோது, விடாமல் மழை பெய்த ஒரு வாரம், படிக்கட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விழுந்தது. சங்கத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து எல்லோரையும் கீழே பாடசாலைக்கு இறக்கினேன். கோழி பிடிக்க, உடுப்பு எடுக்க என்று யாரும் திரும்பி ஏறிவிடக் கூடாதே. அதனால் என் குரலைப் பதிந்து, பலாமரத்தில் ஒலிபெருக்கி கட்டி, பற்றரியில் ஓடவிட்டேன். "கீழே வாங்க. சாமான் எடுக்க நிக்காதீங்க. ஸ்கூலுக்கு வாங்க." பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

பின்னேரம் மூடுபனி இறங்கியது. மலை தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே மூச்சு. பாடசாலை வராந்தாவில் ஒரு சின்னப் பெண் என் கையைத் தொட்டுப் பார்த்தாள். "அக்கா, நீங்க இங்க இருக்கீங்கதானே?"

சிரித்தேன். ஆனால் அதன்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இரண்டு பேராகிவிடுவேன் போலிருந்தது.

அப்போதுதான் சங்கச் செயலாளர் ரிஸ்வானா ஓடி வந்தாள். மடவளை ஊர்ப் பிள்ளை, எதற்கும் பதறாதவள். "ஒங்கட அப்பா பஸ்ஸால இறங்கி குறுக்குப் பாதையில மேலுக்குப் போறார். கூப்பிட்டேன், கேக்கல்ல. மகள் மேலதான் நிக்கிறா, சத்தம் கேக்குதேண்டு சொல்றார்."

விடியவே டவுனுக்கு வேலைக்குப் போன அப்பாவின் போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. நான் அந்தப் பாதையில் ஓடினேன். "அப்பா, நான் இங்க!" என்று கத்தினேன். மேலேயிருந்து என் குரலே என்னை அமுக்கியது: "கீழே வாங்க."

பாதி வழியில் குரல் நின்றது. சொல் முடியவில்லை. பிறகு, பத்து லொறி ஒன்றாகக் கல் கொட்டியது போல ஒரு சத்தம். காலடியில் மண் நடுங்கியது.

பனிக்குள்ளிருந்து அப்பா வந்தார். இடுப்புவரை சேறு. என்னைக் கண்டு அவர் முகம் மலரவில்லை. ஓரடி பின்னால் போனார்.

"நீ எப்புடி எனக்கு முந்திக் கீழ வந்த?"

பலாமரத்தடியில் நின்று, "எங்கம்மா இருக்க?" என்று கேட்டாராம். "கீழே வாங்க" என்றேனாம். அசையாமல் நின்றாராம். "அப்புறம் கோவமாச் சொன்ன, 'அப்பா, நிக்காதீங்க'ன்னு. ஒன் கோவம் எனக்குத் தெரியாதா? அதுக்கப்புறந்தான் எறங்குனேன்."

நான் பதிந்ததில் 'அப்பா' இல்லை. அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

பதினொரு வீடும், பலாமரமும், ஒலிபெருக்கியும் மண்ணுக்குள். எங்கள் ஆட்கள் எல்லோரும் பிழைத்தோம். எங்களுக்கு இப்போது வேறிடத்தில் வீடு. வாசலில் நின்று "அப்பா" என்று கூப்பிட்டால் முன்பெல்லாம் உள்ளேயிருந்தே, "வாறேம்மா" என்பார். இப்போது பதில் வராது. மெதுவாக நடந்து வந்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, என் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார்.